பிரெட் உறையின் கடைசிச் சொல்

ஜூன் 4
இன்றிலிருந்து நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன், எனக்கு அவமானமாக இருந்தாலும்.
வீட்டில் நாங்கள் மூன்று பேர். அக்கா வீகன். இறைச்சி, பால், முட்டை, தேன் எதையும் தொடமாட்டாள். அப்பாவுக்கு பிரெட் ஃபேக்டரியில் மாவு பிசையும் இயந்திரத்தில் வேலை. போன மாதம் ஒன்றுமே சேர்க்கவில்லை என்று சொல்லி, அவள் சூப்பில் வெண்ணெய் கலந்து கொடுத்துவிட்டார். “இளைச்சுப் போயிட்டாளேன்னுதான்...” அது தெரிந்ததிலிருந்து அவர் கையால் அவள் வாங்குவது ஃபேக்டரி பிரெட் மட்டும்தான்.

ஜூன் 6
பிரெட் உறையில், பொடி எழுத்துப் பொருள் பட்டியலின் கடைசிச் சொல்: நொதி, அதாவது என்சைம். எதிலிருந்து எடுத்தது? போடவில்லை.
“நீதான் புத்தகப் புழுவாச்சே, கண்டுபிடி” என்றாள் அக்கா.

ஜூன் 7
பள்ளி நூலகத்தில் ஒரு தடிப் புத்தகம். பிரெட் மாவில் சேர்க்கும், கொழுப்பைச் செரிக்க வைக்கும் நொதியைப் பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பார்களாம். கண்டுபிடித்த சந்தோஷத்தில் (ஆமாம், சந்தோஷம்தான்) சாப்பாட்டு மேசையிலேயே சொல்லிவிட்டேன். அக்கா வாயிலிருந்ததைத் துப்பினாள்.
“இதுவும் தெரிஞ்சேதான் கொடுத்தீங்களா?”
“எனக்கு அது வெறும் பவுடர்மா. மூட்டையில இருந்து அள்ளிக் கொட்டுவேன், அவ்ளோதான்.”

ஜூன் 8
மேசையில் இரண்டு தட்டு.

ஜூன் 11
அறிவியல் டீச்சர் சிரித்தார். “அந்தப் புத்தகம் உங்கப்பா பொறந்தப்ப வந்ததும்மா. இப்பல்லாம் பெரும்பாலும் பூஞ்சையில இருந்துதான் எடுக்கறாங்க. உங்க பிரெட்ல எதுன்னு ஃபேக்டரியிலதான் கேக்கணும்.”
ஏன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை நான்?

ஜூன் 13
அப்பா கெஞ்சி, பவுடர் கம்பெனிக்கே சூப்பர்வைசரை போன் போட வைத்திருக்கிறார். “உன் பொண்ணுக்கு வேண்டியது பிரெட்டா, ஆராய்ச்சியா?” என்று கிண்டல் வேறாம். பூஞ்சைதான். அதை வளர்க்கப் பால் சேர்ப்பார்களா என்றுகூட அப்பா கேட்க வைத்தாராம். இல்லையாம்.
அக்காவின் கதவுக்கு வெளியே நின்று சொன்னார். உள்ளேயிருந்து குரல்:
“சூப்புலயும் ஒண்ணும் இல்லைன்னுதான் சொன்னீங்க.”
நான் இத்தனை நாளும் நொதியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 16
நாளை அக்கா தோழியின் அறைக்கே குடிபோகிறாள். அப்பா வீட்டிலேயே மாவு பிசைந்தார். “நீ பக்கத்துல நின்னு பாரு. நான் போடறதையெல்லாம் அவகிட்ட சொல்லு.” கதவைப் பார்த்துக் கத்தினேன்: மாவு! தண்ணீர்! உப்பு! ஈஸ்ட்!
 பிரெட் உப்பவே இல்லை, செங்கல் மாதிரி வந்தது.

ஜூன் 17
அக்கா பையோடு வந்து, என்னிடம் மட்டும் கேட்டாள். “நிஜமா நாலே பொருளா?”
“நிஜமா.”
ஒரு துண்டு வெட்டி, நின்றபடியே மென்றாள். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. போய்விட்டாள்.
மிச்சத்தை அப்பா துணியில் சுற்றி வைத்தார். மூன்று தட்டையும் அலமாரியில் அடுக்கினார். சாப்பாட்டறை விளக்கை அணைத்துவிட்டார்.