உன் ஊர் மழையும் எங்கள் வெயிலும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்பும் மனசும் நல்லபடியாக இருக்கிறாயா கண்ணு. இங்கே நானும் அம்மாவும் சுகம், உன் சொட்டு மாமாவும் சுகம். இந்தச் சுகம் என்கிற வார்த்தையை இத்தனை வருஷமாகக் கைப்பழக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தேன், இன்றைக்குத்தான் அர்த்தம் தெரிந்து எழுதுகிறேன். அவனை இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காரிலிருந்து தானே இறங்கினான், கைத்தாங்கலாகப் பிடிக்கப் போன உன் அத்தையை விலகச் சொல்லிவிட்டுத் தானே நடந்தான், வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, கூரையோரம் ஒரு விரிசல் இருக்கிறதே இது எப்போ வந்துச்சு என்று அவளை அதட்டினான். எந்த வீட்டில் எங்கே சொட்டுகிறது என்று கண்டுபிடித்துக் கண்டுபிடித்துத்தானே அவனுக்கு அந்தப் பேரே வந்தது, ஆள் முழுசாகத் திரும்பிவிட்டான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் வியர்வையைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டேன்.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன், அதை அதே போனில் திருத்த எனக்கு வாய் வரவில்லை. சொட்டு மாமா வெயிலில் மயங்கி விழுந்துட்டான் என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு ஏன்பா என் ரெண்டாவது மெசேஜுக்குப் பதில் போடலை, மூணு தடவை கூப்பிட்டேனே என்று நீ இரண்டு தடவை கேட்டாய், டவர் இல்லை கண்ணு என்றேன். டவர் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அவன் விழுந்ததற்குக் காரணம் வெயில் பாதி, உன் அப்பன் பாதி. அம்மாவிடமும் அத்தையிடமும் சொல்லிவிட்டேன், சொட்டுவிடமும் சொல்லிவிட்டேன், நீ ஒருத்திதான் பாக்கி.

அச்சகத்து மொட்டை மாடியில் வேலை நடந்துகொண்டிருந்தது உனக்குத் தெரியும். போன மழைக்கு ஒழுகிக் கட்டுக் கட்டாகப் பேப்பர் நனைந்துவிட்டதாம், அதனால் மாடி முழுக்க இரண்டு பூச்சுப் பூசித் தரச் சொல்லியிருந்தார் மேனேஜர். நானும் சொட்டுவும் இன்னும் இரண்டு பேரும். இந்தக் காட்டு வெயில் ஆரம்பித்த நாளிலிருந்து விடியும்போது ஏறி பத்து மணிக்கு இறங்கிவிடுவோம், மறுபடி ஐந்து மணிக்கு மேல்தான் ஏறுவது. அவசரம் இல்லை, வெயில் தணிந்து செய்யுங்க என்று மேனேஜரே சொல்லியிருந்தார், அந்த மனுஷன் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ரேடியோவில் தினம் காலையில் வட்டார வானிலை அறிக்கை வாசிக்கிற அம்மாளும் பதினோரு நாளாக ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தாள், அனல் காற்று நீடிக்கும், பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை வெளியே வராதீர்கள், நாற்பத்து நாலு டிகிரி. முதல் நாலு நாள் பயந்து கேட்டேன், அப்புறம் அவள் குரல் கேட்டாலே எரிச்சலாக வந்தது, இவளுக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியாதா என்று பன்னிரண்டாம் நாள் ரேடியோவை அணைத்துவிட்டேன். முதல் தப்பு அது.

இரண்டாவது தப்புக்கு உன் பேர் கொஞ்சம் அடிபடுகிறது, அதற்காக நீ மனசைக் குழப்பிக்கொள்ளாதே. என் போனில் வானிலையைத் திறந்தால் இரண்டு ஊர் இருக்கும், மேலே நம் ஊர், தள்ளினால் உன் ஊர். நீதான் வைத்துக் கொடுத்தாய். ஈரக்காற்று பட்டால் உனக்குச் சின்ன வயசிலிருந்தே இளைப்பு வருமே, அதனால் காலையில் பல் தேய்க்கும் முன்னால் உன் ஊரில் மழையா என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிப் போயிற்று. போன மாதம் ஒரு நாள் நீ இருமிக்கொண்டே பேசினாயா, அன்றைக்கு அம்மா தூங்குகிற நேரமாகப் பார்த்து, தள்ளிப் பார்க்கிற வேலை வேண்டாம் என்று உன் ஊரை எடுத்து மேலே வைத்துவிட்டேன். சொட்டு விழுந்த அன்றைக்கு மாடியில் அது நினைவுக்கே வரவில்லை. மகள் ஊர் மழையில் இங்கே நனையறவர் என்று அம்மா என்னைக் கேலி பண்ணுவாள், அது இப்படி வந்து முடியும் என்று யார் கண்டது.

அன்றைக்குக் காலை ஒன்பதரைக்கு மேல் இருக்கும். இரண்டாம் பூச்சு பாதிக்குமேல் முடிந்திருந்தது. படிக்கட்டு அறை நிழலில் தண்ணீர் குடிக்க நின்றவன் போனைத் திறந்தேன், கண்ணாடி பைக்குள் கிடந்தது, எடுக்கச் சோம்பல். மேகமும் மின்னலும் படம் போட்டிருந்தது, நாளைக்கு வரைக்கும் கொட்டப்போகிற மாதிரி கோடு கோடாக மழை. எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும், வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கூடவே பயமும் வந்தது. பூச்சு ஒரு பகல் ஒரு ராத்திரி காய வேண்டும், அதற்குள் தண்ணீர் பட்டால் தோல் உரிகிற மாதிரி உரிந்து வந்துவிடும், செய்த வேலை அத்தனையும் பாழ். மழை வருதுடா, இறங்க வேண்டாம், மிச்சத்தையும் ஒரே மூச்சில் முடிச்சிடுவோம் என்று கத்தினேன். மற்ற இரண்டு பேரும் மழை என்ற சொல்லைக் கேட்டதுமே துள்ளினார்கள். சொட்டு மட்டும் கண்ணுக்கு மேலே கையை வைத்து நாலா பக்கமும் பார்த்துவிட்டு, வானத்தைப் பாத்தா அப்படித் தெரியலையேண்ணே என்றான். உன் கண்ணை நம்புறதா, போனை நம்புறதா என்று எரிந்து விழுந்தேன். அவன் ரோலரை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டான். இருபத்திரண்டு வருஷமாக நான் சொன்னால் தட்டாதவன். அந்த வார்த்தையை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அந்த நேரத்தில்தான் உன் முதல் மெசேஜ் வந்தது, உங்க பக்கம் சிவப்பு எச்சரிக்கை போட்டிருக்காங்கப்பா, மேலே ஏறாதீங்க என்று. இங்கே மழை வருது கண்ணு, போனிலேயே போட்டிருக்கு என்று பெருமையாகப் பதில் அனுப்பிவிட்டு போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு மேல் இன்னொரு வாளி பூச்சு எடுக்கப் படிக்கட்டு அறைக்குப் போனவன், நீ கூப்பிட்டிருப்பதைப் பார்த்து, ஏதோ அவசரம் போல என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். மழை இங்கேதான்பா, மேலே ஊர் பேரைப் பாருங்க. அவ்வளவுதான் நீ எழுதியிருந்தாய். பார்த்தேன். உன் ஊர். அதற்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி என்றும் இருந்தது. தள்ளினால் நம் ஊர், சிவப்பாக, நாற்பத்தைந்து. இறங்குங்கடா, எல்லாரும் இறங்குங்கடா என்று கத்திக்கொண்டே வெளியே ஓடினேன். இரண்டு பேர் வந்துவிட்டார்கள். சொட்டு வரவில்லை. மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு ரோலரைத் தள்ளிக்கொண்டிருந்தான், ரோலரில் பூச்சே இல்லை, காய்ந்த ரோலர், ஏற்கெனவே பூசின இடத்திலேயே மேலும் கீழும் தள்ளுகிறான். ஒழுகுது, இங்கே ஒழுகுது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். தோளைத் தொட்டேன், பொட்டு வியர்வை இல்லை, வெயிலில் கிடந்த தகரம் மாதிரி சுட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தான், நான் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை கண்ணு. அப்படியே என் மேல் சரிந்தான்.

மூன்று மாடி எப்படித் தூக்கி இறக்கினோம் என்று கேட்டால் இப்போது சொல்லத் தெரியாது. கீழே பேப்பர் அடுக்குகிற அறையில் தரையில் போட்டோம். பைண்டிங் பிரிவுப் பெண்கள் ஆறேழு பேர் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள், அதில் ஒரு பெரியம்மா, வாயில் தண்ணீர் ஊத்தாதே, நினைவு இல்லாதவனுக்குப் புரையேறும், மேலே ஊத்து என்று என்னை ஒரு அதட்டு அதட்டி, சட்டையைக் கிழித்துப் போட்டு வாளி வாளியாக அவன் மேல் ஊற்றினாள். மற்றவர்கள் புத்தக அட்டையை விசிறியாக்கி விசிறினார்கள். அந்தத் தரையில் பேப்பர் கட்டெல்லாம் நனைந்தது, மேனேஜர் நனைஞ்சா நனையட்டும் ஊத்துங்க என்று அவரே வாளி சுமந்தார். ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அதற்குள் உடம்புச் சூட்டைக் கொஞ்சம் இறக்கியதுதான் ஆளைக் காப்பாற்றியது, இன்னும் அரைமணி மாடியிலேயே இருந்திருந்தால் எங்களிடம் கொண்டுவந்து பிரயோஜனம் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். அந்த அரைமணியை உன் மெசேஜ் கொடுத்தது. பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்ல எந்த அப்பனுக்கும் பழக்கமில்லை, அதனால் எப்படி எழுதுவதென்று தெரியாமல் இந்த வரியை இரண்டு தடவை அடித்து எழுதியிருக்கிறேன், பார்த்திருப்பாய்.

இரண்டு நாள் அவன் யாரையும் அறியவில்லை. சிறுநீரகம் தாங்குமா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். நான் அந்த வராண்டா பெஞ்சிலேயே கிடந்தேன், அத்தையின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன், ஊரை மாற்றி வைத்தது, கண்ணாடி போடாதது, அவன் சொன்னதைக் கேட்காமல் எரிந்து விழுந்தது, எல்லாம். என்னைத் திட்டுவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் உள்ளே எட்டி அவனைப் பார்த்துவிட்டு வந்தாள். அப்புறம், நீங்க காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடலை, முதல்ல போய்ச் சாப்பிட்டு வாங்க, அவர் எழுந்திருச்சு கேப்பார் என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் கண்ணு. சாப்பிடப் போகிறேன் என்று போய் மாடிப்படிக்குக் கீழே நின்று அழுதேன்.

மூன்றாம் நாள் காலையில் கண்ணைத் திறந்து, எங்க வாளி, என்று கேட்டானாம். அதற்கப்புறம் மளமளவென்று தேறிவிட்டான், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒன்று ஒன்றாக நல்லபடியாக வந்தது. உட்காரவைத்த அன்றைக்கே அவனிடமும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான், தூங்கிவிட்டானோ என்று நினைத்தேன். பார்த்தால் வயிறு குலுங்குகிறது, சிரிக்கிறான். ஊர்ல எந்த மாடியில எங்க ஒழுகுதுன்னு எல்லாத்தையும் கண்டுபிடிச்சேன், உங்க போன்ல பாப்பா ஊரு மழை ஒழுகறதைக் கண்டுபிடிக்காம விட்டுட்டேனேண்ணே என்றான். ஊசி போட வந்த நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை, இரண்டு கிழவன்கள் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்களா அழுகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். இனிமே நான் வானத்தைப் பாத்துச் சொன்னா கேளுங்க, அது போதும் என்றான். கேட்கிறேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டில் நடந்ததையும் கேள். விஷயம் தெரிந்ததும் அம்மா போனைப் பிடுங்கி உன் ஊரையே எடுத்துவிடப் போனாள். அது மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினேன். கடைசியில் நம் ஊர் மேலே, உன் ஊர் கீழே என்று சமாதானம் ஆயிற்று, தினமும் காலையில் சரியாக இருக்கிறதா என்று அவளே சோதனை போடுகிறாள். என் கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தண்ணீர் பாட்டில் மாட்டுவாளே அப்படி. ரேடியோ அம்மாளுக்கு இப்போது எங்கள் வீட்டில் ராஜமரியாதை, அவள் வாசிக்கும்போது நான் குழாயைக்கூடத் திறப்பதில்லை. வேலைக்கும் ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். மாடி ஏறும் முன்னால் ஒருத்தன் அறிக்கையைச் சத்தமாகப் படிக்க வேண்டும், முதலில் ஊர் பேர், அப்புறம் தேதி, அப்புறம்தான் மற்றது. பத்து மணி அடித்தால் வாளியில் பூச்சு மிச்சம் இருந்தாலும் இறங்க வேண்டும். சொட்டு நின்ற அந்த மூலை மட்டும் இன்னும் ஒற்றைப் பூச்சோடு இருக்கிறது, அவன் வந்து முடிக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன். டாக்டர் ஒரு மாதம் வெயிலில் தலைகாட்டக் கூடாது என்றிருக்கிறார், மேனேஜர் காத்திருக்கிறேன் என்றார்.

இன்று காலை அவனை அழைத்துவரக் கிளம்பும் முன் அந்த அம்மாள் முதல் தடவையாகப் பாட்டை மாற்றினாள். நாளை மறுநாளிலிருந்து நம் வட்டாரத்தில் வெப்பம் நாலைந்து டிகிரி குறையுமாம், எச்சரிக்கையையும் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு இறக்கிவிட்டார்களாம். அம்மா கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தாள். சொட்டுவிடம் போய்ச் சொன்னால், எந்த ஊருக்குண்ணே என்று கேட்கிறான். இனி சாகும்வரைக்கும் இதைச் சொல்லியே என்னை ஓட்டப் போகிறான், ஓட்டட்டும், ஓட்டுவதற்கு அவன் இருக்கிறானே, அது போதும் எனக்கு.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, இருமல் மருந்தை நிறுத்தாதே, நான் கூப்பிட்டால் எடு, நான் எடுக்காவிட்டால் மூன்று தடவை அல்ல முப்பது தடவை கூப்பிடு. நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். அம்மாவும், சொட்டு மாமாவும் அத்தையும் உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்கள்.

ஒன்றை மறந்துவிட்டேன். நாளைக்கும் மறுநாளும் உன் ஊரில் கனமழை. கண்ணாடி போட்டுக்கொண்டு ஊர் பேரைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் அந்த மழை பெய்து ஓய்ந்திருக்கும், இருந்தாலும் குடையை எடுத்துக்கொண்டு போ கண்ணு.

இப்படிக்கு,
உன் ஊர் வானத்தை இங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்
அப்பா