என்ஜின் இல்லாத ஃபெரெட்

பேர்லேண்ட்,
11 பெப்ரவரி 2024

அன்பின் ராணிக்கு,

நான் சுகம். நீரும் மகள் லக்சனாவும் மருமகனும் என்னுடைய பேரன் சின்னத்துரையும் சுகமாக இருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன். "நான் ஒரு வசனம் முடிக்க முன்னம் நீங்கள் மூன்று வசனம் சொல்லுகிறீர்கள், இனிமேல் எழுதுங்கள்" என்று சொல்லிப் போனை வைத்தீர். சரி, எழுதுகிறேன். ரிட்டயர் ஆன எஞ்சினியருக்கு நேரத்துக்கா பஞ்சம்?

பேரனைப் பார்க்க மூன்று மாதம் என்று போனீர். அவன் இப்போது டேகேருக்குப் போகிறான். நீர் இன்னும் வந்து சேரவில்லை. இந்தமுறைக் குளிருக்கு உம்முடைய முருங்கை அடிவரை கருகிவிட்டது. நேற்று நானே புட்டு அவித்தேன். கட்டி கட்டியாக வந்தது. சீனியைப் போட்டு விழுங்கினேன்.

அந்த வண்டியால்தான் நீர் வரவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், கோபிக்காதேயும். நீர் நினைக்கிற மாதிரி ஃபெரெட் ஒரு பூதம் இல்லை. பிரிட்டிஷ்காரன் அந்தக் காலத்தில் செய்த சின்னக் கவச வண்டி. நாலு சில்லு, இரண்டு பேருக்கு இடம், தலையில் ஒரு கோபுரம். வண்டியை விற்க முன்னமே அதிலிருந்த துவக்கைக் கழற்றிவிட்டார்கள். நான் இரும்பில் பிடித்த கறளெல்லாம் சுரண்டி, உமக்காகப் பச்சை நிறத்தையும் எடுத்துவிட்டு மணல் நிறம் பூசியிருக்கிறேன். இப்போது பார்த்தால் மாரி பிஸ்கட் பெட்டி மாதிரி இருக்கிறது.

பிரேக்தான் இன்னும் சரிவரவில்லை. குழாய்க்குள் நிற்கிற காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே இருந்து பெடலை அமத்த வேண்டும், மற்றவர் சில்லடியில் கிடந்து ஆணியைத் திறந்து மூட வேண்டும். கல்யாணமான புதிதில் அப்பாவின் ஏ-ஃபோர்ட்டி காருக்கு நாங்கள் செய்தது ஞாபகமா? நான் கீழே கிடந்து கத்துவேன். அமத்து. பிடி. காலை எடு. உம்முடைய கால் ஒருநாளும் பிழைத்ததில்லை. இங்கே பெடலுக்கு ஒரு தடியை முண்டு கொடுத்துப் பார்த்தேன், தடிக்குச் சொல்வழி கேட்கத் தெரியவில்லை.

எப்போது வருகிறீர்?

அன்புடன்,
உம்முடைய மரியதாசன்

*

சான் ஹோசே,
25 பெப்ரவரி 2024

அன்புள்ள அவருக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். புட்டு மாவுக்குத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தெளிக்க வேண்டும். நீங்கள் சிமெந்து குழைக்கிற மாதிரிக் குழைத்திருப்பீர்கள்.

இஞ்சாருங்கோ, நிறமா எனக்குப் பிரச்சினை? எங்கள் ஊர்ச் சந்தியில் ஆமி கொண்டுவந்து நிறுத்தின வண்டி என்ன நிறம் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது. நாங்கள் அதைப் பார்த்ததே இல்லை. கேட்டதுதான். அது ஊளையிட்டுக்கொண்டு வெளிக்கிட்ட உடனே அம்மா அடுப்பில் தண்ணியை ஊத்துவா, புகை தெரியக்கூடாது என்று. சோறு அரைவேக்காட்டில் கிடக்கும், நாங்கள் பங்கருக்குள் கிடப்போம். தம்பி அன்ரன் படலையைச் சாத்திவிட்டு வாறேன் என்று திரும்பிப் போனதும் அந்தச் சத்தத்துக்குத்தான். அவனுடைய நினைவுப் பூசைக்கு ஒவ்வொரு வருசமும் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறவர் நீங்கள். உங்களுக்குத் தெரியாத கதையை எழுதவில்லை.

அப்படியிருக்க, ஒரு சொல்லுக் கேட்காமல் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். பூசை முடிந்து வந்து கராஜைத் திறக்கிறேன், எனக்கு முன்னால் நிற்கிறது. ரெக்சாஸ் முழுக்கப் பழைய கார் கிடக்கிறதே. ஒரு மொறிஸ் மைனர் வாங்கியிருந்தால் நானே துடைத்து மினுக்கித் தந்திருப்பேனே!

அதை விற்றுவிட்டு எழுதுங்கள். அடுத்த பிளேனில் வருகிறேன். பிரஷர்க் குளிசையை மறக்காமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ராணி

*

பேர்லேண்ட்,
14 ஏப்ரல் 2024

அன்பின் ராணி,

உம்முடைய கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. எழுதினதெல்லாம் சண்டையாக வந்தது, கிழித்துப்போட்டேன்.

நானும் அந்தச் சத்தத்துக்கு வாய்க்காலுக்குள் விழுந்து கிடந்தவன்தான். இந்த நாட்டுக்கு வந்து ரிஃபைனரியில் பெரிய வேலை பார்த்தும், தெருவில் குப்பை லொறி வந்தால் முதுகு கூசும். உமக்குச் சொன்னதில்லை. ஆம்பிளை என்கிற வீம்பு. இந்த வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றின பிறகு அந்தக் கூச்சம் இல்லை, ராணி. உள்ளே கையை விட்டுப் பார்த்தால் பல்லுச்சில்லு, எண்ணெய், கறள். எங்களை நிலத்தில் கிடத்தினது இவ்வளவுதானா என்று தனியே இருந்து சிரித்தேன். அதனால்தான் விற்க மனம் வரவில்லை.

பழைய வண்டி வைத்திருக்கிறவர்களின் கிளப்புக்குச் சனிக்கிழமைகளில் போகிறேன். எல்லாம் வெள்ளைக்காரக் கிழவர்கள், நல்லவர்கள். ஒருவர் "ஆமியில் இருந்தாயா?" என்று கேட்டார். "இல்லை, நான் இதற்கு மற்றப் பக்கத்தில் இருந்தேன்" என்றேன். பகிடி என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு ஒரு டோனட்டை எடுத்துக்கொண்டு போய்க் காருக்குள் இருந்தேன். அந்தப் பதில் விளங்குகிற ஒரே ஆள் நீர், சான் ஹோசேயில் இருக்கிறீர்.

சத்தம்தானே உமக்குப் பிரச்சினை? முடித்துவிட்டேன். எதிர்வீட்டு டேல் சங்கிலிக் கப்பி கொண்டுவந்தார். மனைவி காலமானபிறகு அவரும் என்னை மாதிரிக் கராஜில்தான் சீவிக்கிறார். இரண்டு பேருமாக என்ஜினைத் தூக்கி வெளியே எடுத்துப் பலகையில் வைத்து, உம்முடைய பழைய போர்வையால் மூடியிருக்கிறேன். இனி அது ஒரு இரும்புப் பெட்டி. ஒருநாளும் ஊளையிடாது.

விற்கச் சொல்லாதேயும். வாரும்.

அன்புடன்,
மரியதாசன்

*

சான் ஹோசே,
5 மே 2024

அன்புள்ள அவருக்கு,

உங்கள் கடிதத்தை லக்சனாவுக்கு வாசித்துக் காட்டினேன். தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் கேட்டால் விளங்கும்தானே. "அம்மா, அவர் என்ஜினையே கழட்டிட்டாரா? தட் இஸ் ஹிஸ் லவ் லெட்டர்!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னம் ஒரு வரி எழுதத் தெரியாத மனிசன், இந்த வயதில் என்ஜினைக் கழற்றி அனுப்புகிறார்!

மருமகன் டிக்கெட் போட்டுவிட்டார். ஜூன் எட்டாம் திகதி பின்னேரம் வந்து இறங்குவேன். ஏர்போர்ட்டுக்கு நேரத்துக்கு வாருங்கள். நல்ல சேர்ட்டாய்ப் போட்டுக்கொண்டு வாருங்கள், கிறீஸ் பிரண்டதை அல்ல. புட்டு அவித்து வைக்க வேண்டாம்.

குப்பை லொறி விசயத்தை நீங்கள் முந்தியே எனக்குச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் படுத்திருந்த எனக்குத் தெரியாதா என்ன.

ராணி

*

சான் ஹோசே,
21 ஜூலை 2024

அன்புள்ள அவருக்கு,

திரும்பவும் இஞ்சை சுகமாய் வந்து சேர்ந்தேன் என்று லக்சனா சொல்லியிருப்பாள். நான் கோபித்துக்கொண்டு வந்தேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஏர்போர்ட்டுக்கு நீங்கள் இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வந்து நின்றதை லக்சனாவுக்கு இரண்டுதரம் சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்னபடியே செய்திருந்தீர்கள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

அதுதான் சரிவரவில்லை.

சந்தியில் நின்றபோதும் அது கனநேரம் சத்தமில்லாமல்தான் நின்றது. ஓடித் திரிந்தால் எந்தப் பக்கம் போகிறது என்றாவது தெரியும். பேசாமல் நின்றால், எப்ப தொடங்கும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் உங்கள் குசினியில் சோறு வடிக்கிறபோதெல்லாம் ஒரு காது கராஜில்தான் இருந்தது. என்ஜின் உள்ளே இல்லை என்று எனக்குத் தெரியும். என் காதுக்கு அது தெரியவில்லை. எத்தனை நாள் அரிசியைக் குழையவிட்டேன், நீங்கள் அதையும் வழித்துச் சாப்பிட்டீர்கள்.

நீங்களும் செத்தவீட்டில் இருக்கிறவர் மாதிரித்தான் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் இருந்தீர்கள். போர்வையைத் தூக்கிப் பார்ப்பீர்கள், பிறகு மூடுவீர்கள். நான் காணவில்லை என்று நினைத்தீர்களாக்கும்.

கன நாளாக யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்குப் பயம் போனது அதைத் தொட்டுத் தொட்டு. எனக்கு அது கண்ணில் படாத தூரத்தில் இருந்தால்தான் போகிறது. இரண்டும் ஒரு வீட்டுக்குள் நடக்காது. இஞ்சை பேரனின் அறைக்குப் பக்கத்து அறையில் நான் விடியும்வரை நித்திரை கொள்ளுகிறேன். இவ்வளவு வயதில் இப்பதான் நித்திரை என்றால் என்ன என்று தெரிகிறது. அதை நான் விடமாட்டேன்.

விற்கச் சொல்லி இனிக் கேட்கவும் மாட்டேன். விற்றுவிட்டு நீங்கள் திரும்பவும் குப்பை லொறிக்குக் கூசிக்கொண்டு கிடக்க வேண்டாம். நான் பேர்லேண்டுக்குத் திரும்பி வரப்போவதில்லை. ஆனபடியால் என்ஜினை எடுத்த இடத்தில் வையுங்கள். எனக்காக அது நிலத்தில் கிடக்க வேண்டாம். பிரேக்குக்கு டேலைக் கூப்பிடுங்கள். அமத்து, பிடி, காலை எடு. இவ்வளவும் சொல்லிக் கொடுத்தால் அந்த மனிசன் செய்வார்.

சுவாமியார் கேட்டால் பேரனைப் பார்க்க நிற்கிறா என்று சொல்லுங்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்லுகிறார்கள். முருங்கை அடியில் ஒரு குருத்துக் கண்டேன். குளிருக்கு முன்னம் சாக்கால் சுத்திவிடுங்கள்.

என்றும் உங்கள்,
ராணி

*

பேர்லேண்ட்,
29 செப்டெம்பர் 2024

அன்பின் ராணி,

நான் சுகம். முருங்கைக் குருத்து முழங்கால் உயரம் வந்துவிட்டது. சாக்கு வாங்கி வைத்திருக்கிறேன்.

உம்முடைய சொல்லைத் தட்டவில்லை. என்ஜினைத் திரும்ப ஏற்றினோம். டேல் பெடலில் இருந்தார். மூன்று சொல்லையும் தமிழிலேயே சொல்லிக் கொடுத்தேன். "அமாட்டு, அமாட்டு" என்று அவரும் சேர்ந்து கத்துவார். உம்முடைய கால் மாதிரி இல்லை, ஆனாலும் காற்றெல்லாம் வெளியே வந்து பிரேக் பிடித்துவிட்டது. நானே ஓட்டிக்கொண்டு தெருமுனைவரை போய் வந்தேன். எங்கள் தெருவில் ஒருவரும் வீட்டுக்குள் ஓடவில்லை. பிள்ளைகள் வெளியே ஓடிவந்து கை காட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உமக்கு அதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன்.

பிறகு டேல் தான் ஒருதரம் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். கொடுத்தேன். அவர் திரும்பி வரமுன் தேத்தண்ணி போட்டு வைப்போம் என்று குசினிக்குள் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தேன்.

வண்டி தெருமுனையில் திரும்பிக் கியர் மாறியது கேட்டது. அதற்குப் பிறகு நான் செய்தது எனக்கு ஞாபகம் இல்லை. டேல் வந்து முன்கதவைத் தட்டுகிறபோது நான் மாடிப்படிக்குக் கீழே, கூட்டுகிற தும்புத்தடி வைக்கிற சின்ன அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு குந்தியிருந்தேன். கையில் கேத்தில். அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. எல்லாவற்றையும் அடுப்பில் ஊத்தி நெருப்பை அணைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். எங்கள் அம்மாவும் அப்படித்தான் செய்வா. கதவைத் திறக்க எனக்குக் கனநேரம் எடுத்தது. கேஸ் ஏதும் கசிந்ததா என்று டேல் கேட்டார், ஓம் என்றேன்.

வண்டிக்கு உள்ளே இருந்தால் அது அந்தச் சத்தமாகக் கேட்காது, ராணி. இந்த வண்டி வந்த நாளிலிருந்து நான் உள்ளே இருந்துதான் கேட்டிருக்கிறேன்.

ஃபெரெட்டை டேல் தன்னுடைய மகனின் பண்ணைக்குக் கொண்டுபோய்விட்டார். அது இங்கேயிருந்து தூரம். கராஜில் இப்போது உம்முடைய போர்வை மட்டும் கிடக்கிறது. நேற்றுக் காலை குப்பை லொறி வந்தது. கூசினது. பரவாயில்லை, பழகின கூச்சம்தானே.

இந்தமுறை வாரும் என்று எழுதவில்லை. நீர் அங்கேயே நித்திரை கொள்ளும். படிக்குக் கீழே இருட்டில் இருந்தபோது, நல்லகாலம் ராணி இன்றைக்கு வீட்டில் இல்லை என்று நினைத்தேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் அப்படி நினைத்தது இதுதான் முதல்தரம்.

உம்முடைய,
மரியதாசன்