முற்றத்தில் கொட்டிய சாம்பல்

அன்பு மகளுக்கு,

வளைகாப்பு முடிந்ததும் உன்னைச் சோழபுரத்துக்கு அழைத்துவருவதாக இருந்தோம். வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இரு. தலைப்பிரசவம் பார்க்காத தாய் வீடா என்று உன் மாமியார் கேட்பார். கேட்கட்டும்.

வாயும் வயிறுமாக வருகிற பிள்ளை சேற்றில் வழுக்கிவிடக் கூடாதே என்று, நாலுவழிச் சாலைக்குக் கொட்டுகிற ஆலைக் கறுப்புச் சாம்பலில் இரண்டு லோடு கேட்டு வாங்கி, போர் குழாயைச் சுற்றி முற்றம் முழுக்க அப்பா நிரப்பினார் அல்லவா? "சிமெண்டு மாதிரி இறுகிரும்ணே" என்றார் லாரிக்காரர். இறுகத்தான் செய்தது. பிறகு மழை பெய்தது.

இப்போது போரில் பிடிக்கிற வாளித் தண்ணீரில் ஏடு படிகிறது. நம் தண்ணீரைக் குடிக்கிற பக்கத்து வீட்டுச் செல்லத்தாயின் சினையாடுகள் இரண்டும் மாதம் நிறையாமலே குட்டியை வீசிவிட்டன. "ஏதோ சீக்கா இருக்கும் மதினி" என்கிறாள். நானும் ஆமாம் என்றேன். அப்பா சாம்பலை வெட்டி அள்ளிக்கொண்டே இருக்கிறார்.

போனில் சொல்லத்தான் கூப்பிட்டேன். உன் குரலைக் கேட்டதும், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன்.

"இந்த ஊர்த் தண்ணி குமட்டுதும்மா" என்று நீ சொன்னதால் அப்பா வாராவாரம் நம் வீட்டுத் தண்ணீரைக் கேனில் கொண்டுவருவாரே, இந்த வாரம் இந்தக் கடிதத்தை மட்டும்தான் கொண்டுவருவார். அவரிடம் எதுவும் கேட்காதே. கேனில் மிச்சமிருப்பதைக் கீழே ஊற்றிவிடு.

எவ்வளவு குடித்தாய் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். பிள்ளை அசைகிறதா என்று மட்டும் உடனே போன் செய்து சொல்.

உன் அம்மா