காயாத தளம்

கடல் தாண்டிக் கட்டடம் கட்டும் மேஸ்திரியான என் வீட்டுக்காரருக்கு,

நலமாகத்தான் இருப்பீர்கள். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என் குரல் கொஞ்சம் ஏறினாலே 'சிக்னல் இல்ல' என்று வைத்துவிடுகிறவரிடம் போனில் என்னத்தைச் சொல்வது? கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம். படித்துவிட்டுக் கிழியுங்கள்.

பக்கத்து வீட்டில் உங்கள் தங்கை சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கிறாள். நான்தான் பிசைந்து ஊட்டுகிறேன். தெருச் சாக்கடையை மூடச் சொல்லிச் சண்டை போட மட்டும் எழுந்து வார்டு ஆபீசுக்குப் போகிறாள். அந்தச் சாக்கடைக் கொசுதான் தன் மகள் வாலுவைக் கொன்றது என்று நம்புகிறாள். வாலுவுக்கு டெங்குக் காய்ச்சல் இறங்கிய அன்று, பிழைத்துவிட்டாள் என்று நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகுதான் குழந்தைக்குக் கை கால் சில்லிட ஆரம்பித்தது.

அடக்கத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை என்றீர்கள். நம் வீட்டு மாடிக்குத் தளம் போடும்போது கிடைத்தது. அடக்கத்துக்கு மறுநாள் போனில் அழுதீர்கள், நானும் கூடவே அழுதேன். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, 'தளத்துல வெடிப்பு ஏதும் விழுந்திருக்கா, பாரு' என்றீர்கள். அந்த நிமிஷம் என் அழுகை நின்றது. இன்னும் வரவில்லை.

தளத்தைப் பற்றியே எழுதுகிறேன், அதைத்தானே கேட்டீர்கள். கான்கிரீட் இறுகிய கையோடு நீங்களே குந்தி உட்கார்ந்து சிமெண்டுக் கலவையில் வரப்பு கட்டிப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்தினீர்கள். புதுத் தளத்துக்குத் தண்ணீர் வேண்டும், நான் மறுக்கவில்லை. மற்றவர்கள் வீட்டுக்கு மூன்று வாரம் போதுமாம். உங்கள் வீட்டுக்கு மட்டும் 'நான் சொல்ற வரைக்கும் காயக் கூடாது.' நானும் இடுப்பு ஒடியக் குடம் சுமந்து ஊற்றினேன்.

கொசு ஒழிப்பு வேலை பார்க்கும் பெண் மாடி ஏறி வந்து ஒரு கரண்டி மொண்டு காட்டினாள். குட்டி குட்டிப் புழுக்கள் தலைகீழாக நெளிந்தன. 'இது சாக்கடைக் கொசு இல்லக்கா. நல்ல தண்ணியிலதான் முட்டை போடும், பகல்லயே கடிக்கும். வாரம் ஒரு தடவ எறக்கிவிட்டு, நல்லாத் தேச்சுக் காயவெச்சிட்டு அப்புறம் ஊத்துங்க' என்றாள். ஊற்றவே கூடாது என்று அவள் சொல்லவில்லை. அதற்குள் நீங்கள் திரும்பிப் போயிருந்தீர்கள், போனில் உங்களிடம் சொன்னேன். 'கரண்டி புடிக்கிறவ எனக்குத் தொழில் சொல்லித் தர்றாளா?' என்று கத்தினீர்கள். அன்று சாயங்காலமே துடைப்பத்தால் எல்லாவற்றையும் தள்ளி இறக்கிவிட்டு, இனி ஊற்ற மாட்டேன் என்றேன். 'சரி' என்று போனை வைத்துவிட்டீர்கள். அடங்கிவிட்டீர்கள் என்று நினைத்த மண்டு நான்.

வாலுவை அடக்கம் செய்து முடித்த பிறகு போர்வை உலர்த்த மாடிக்குப் போனேன். எல்லாப் பாத்தியிலும் வற்றியது போக இன்னும் தண்ணீர் நின்றது. ஒரு மூலையில் வாலுவின் பிளாஸ்டிக் குவளை மிதந்தது.

உங்கள் தங்கையைக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். 'கோவிச்சுக்காதீங்க அண்ணி. அவ ஊத்த மாட்டா, நீ ஊத்து, அவளுக்குத் தெரிய வேணாம்னு அண்ணன் போன் பண்ணிச் சொன்னாங்க. நீங்க வேலைக்குப் போனதும் நானும் வாலுவும் மேல போவோம். மாமா வீட்டுக்குத் தாகம் எடுக்கும்மானு அவளே ஓடி ஓடி ஊத்துவா' என்றாள். எனக்குத் தெரியாமல் செய்ததற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அதற்கு மட்டும்தான் கேட்டாள், வேறொன்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

கடப்பாரை எடுத்து வரப்பையெல்லாம் உடைத்துவிட்டேன். தளம் கல் மாதிரி இருக்கிறது, ஒரு மயிரிழை வெடிப்பு கிடையாது. சந்தோஷப்படுங்கள்.

கொசு ஆபீஸ் பெண் நேற்று உங்கள் தங்கை வீட்டைச் சோதித்தாள். தொட்டி, பிரிட்ஜ் அடித்தட்டு, பூந்தொட்டித் தட்டு எதிலும் ஒரு புழு இல்லை. உங்கள் தங்கை வாரம் தவறாமல் தேய்த்துக் கவிழ்க்கிறவள். 'அப்போ பக்கத்துல எங்கயோ நல்ல தண்ணி நின்னிருக்கு' என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் நம் மாடிப்படியையே பார்த்தாள். அடுத்த வாரம் மறுபடி வருவாள். வந்தால் கேட்பாள், கேட்டால் உங்கள் தங்கை மறைக்காமல் சொல்வாள். சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிடும்.

அதற்குள் வாருங்கள். ஊற்றியது அவள் கை என்பதை ஊரார் வாயிலிருந்து அவள் கேட்கக் கூடாது. ஊற்றச் சொன்னது நீங்கள் என்று நீங்களே அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். என்னால் முடியாது, எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத்தான் தெரிகிறது. அவள் பிறந்ததிலிருந்து உங்கள் பேச்சைத் தட்டியதில்லை. 'உன் மேல தப்பில்ல' என்று நீங்கள் சொன்னால் அதையும் நம்புவாள்.

கடைசியில் நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும். எனக்குக் கை வரவில்லை. கடிதம் எழுதுகிறேன் என்றதும் உங்கள் தங்கை சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன்: 'அண்ணன் வெயில்லயே நிக்கிறாங்க, வாலுவ நெனச்சு சாப்பிடாம இருக்கப்போறாங்க. உடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க அண்ணி.'

இன்னும் உங்கள் மனைவியாக இருக்கும்
நான்