கெளுத்தி மீனில் இருந்த இரண்டு புழுக்கள்

என் உயிரான செல்விக்கு,

நீ போன பிறகு, நீ வேலை பார்த்த கல்லூரியிலிருந்து வந்த முதல் சேதி, ஆய்வகத்து ஃப்ரிட்ஜைக் காலி செய்யச் சொன்னதுதான். மீன் வயிற்றிலிருந்து நீ எடுத்துச் சேர்த்த புழுக்கள் குப்பி குப்பியாக அதில் இருந்தன. விரால், கெண்டை, கெளுத்தி. "கொட்டிடலாமுங்களா?" என்று உதவியாளர் கேட்டார். வேண்டாம், நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

பாப்பாரப்பட்டியில் சோடாக்கடை வைத்திருப்பவன் நான். எனக்கு என்ன தெரியும்? சாப்பிடும்போது நீ சொன்னதுதான். மைக்ராஸ்கோப்பில் மூன்று மீனின் புழுவும் ஒன்றுபோலத் தெரிகிறது, ஆனால் மீனுக்கு மீன் வேறு இனமாக இருக்கலாம், டி.என்.ஏ.வைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பாய். பெங்களூர் ஆய்வகத்தில் ஓர் அம்மா அதைப் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். கெடாமலிருக்க ஃபார்மலின் மருந்தில் போட்டு வைத்த புழு அதற்கு உதவாது என்று தெரிந்ததும் மறுபடி ஏரிக்கரைக்கு ஓடி, புதிதாக மீன் வாங்கி அறுத்தாய். அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

கடை ஐஸைப் பெட்டியில் உடைத்துப் போட்டு, குப்பிகளை அதில் புதைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கிருஷ்ணகிரி தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. சித்திரை வெயில். பெட்டியின் அடியில் தண்ணீர் ஒழுகியது.

"என்னங்க அது, மீனுங்களா?" என்றார் கண்டக்டர்.

"மீனு வயித்துப் புழுவுங்க. எம் பொண்டாட்டி சேத்து வச்சது. அவ இல்லீங்க இப்போ. ஐஸ் கரைஞ்சா எல்லாம் போச்சுங்க."

அவர் சிரிக்கவில்லை. ரோட்டோரம் சைக்கிளில் குச்சி ஐஸ் விற்றவரைக் கைதட்டி அழைத்தார். சிவப்பும் மஞ்சளுமாக இருந்த அத்தனையையும் பெட்டிக்குள் கொட்டினோம். ஓசூர் வருவதற்குள் அதுவும் சாயத் தண்ணீராகிவிட்டது. பெட்டியைக் கட்டிப்பிடித்து அழுதேன். உன்னை இன்னொரு தடவை பறிகொடுப்பது போலிருந்தது.

"விராலும் கெண்டையும் கெட்டுப்போச்சுங்க. கெளுத்தி மட்டும் பரவால்ல, பாக்கறேன்" என்றார் பெங்களூர் அம்மா, குப்பிகளைத் திறந்து பார்த்துவிட்டு.

போன வாரம் வரச்சொல்லி, டி.என்.ஏ. பதிந்த ஒரு ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கறுப்புக் கோடுகள். சில புழுக்களுக்கு அவை ஒரு மாதிரியும் மற்றவற்றுக்கு வேறு மாதிரியும் இருந்தன. "உங்க வூட்டுக்காரம்மா மீனுக்கு மீன் வேறன்னு நெனச்சாங்க. ஒரே மீனுக்குள்ளயே ரெண்டு இனம் இருக்குதுங்க."

இதைக் கேட்டிருந்தால் நீ என்ன செய்திருப்பாய், செல்வி? அந்த ஜன்னலோரம் நான் யாரைத் திரும்பிப் பார்ப்பது?

"ஆனா இது ஒண்ண வச்சு யாரும் ஒத்துக்க மாட்டாங்க. அதே ஏரியில புடிச்ச மூணு மீனும் மறுபடி வேணுமுங்க" என்றார்.

ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. உன் இடத்துக்கு வந்தவருக்கு வேறு ஆராய்ச்சி. யாரைப் போய்க் கேட்பேன்? சந்தையில் மீன் வாங்கி வந்து நானே கீறிப் பழகுகிறேன். இழுத்தால் புழு அறுந்துவிடுகிறது. தலை குடலிலேயே தங்கிவிடுகிறது.

மழை எப்போது வரும் என்று தெரியாது. வந்து ஏரி நிறையும்போது ஒரு புழுவையாவது முழுதாக எடுக்கத் தெரிந்தவனாக இருப்பேன். இது சத்தியம்.

உன்னைக் கட்டிக்கொண்டவன்,
முருகேசன்