நாலாவது அறையின் வாடகை

சிவமயம்

கண்டாவளை,
19.11.1961

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் பிள்ளைகளும் சுகம். நீங்கள் வவுனியாவில் சுகமாய் இருப்பது கடிதத்தைப் பார்க்கவே தெரிகிறது.

காலபோக நெற்பயிர் முழங்கால் உயரம் வந்துவிட்டது. மழை விட்டபாடில்லை. சின்னவளுக்குக் காய்ச்சல் மாறி இருமல் மட்டும் நிற்கிறது. சிவப்பி கன்று போட்டிருக்கிறது. நாம்பன்தான், பசுக்கன்று இல்லை.

என் சீதன வயலை அப்புத்துரை அண்ணைக்கு ஆறாயிரத்துக்கு விற்று, நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்காரி சிவனேஸ்வரியின் வளவிலேயே வாடகைக்கு அறைகள் கட்டலாம் என்று எழுதியிருந்தீர்கள். மாதிரிக்கு அந்த மனுசியின் வருமானத்தையும் கணக்குப் போட்டு அனுப்பினீர்கள். உண்மையைச் சொன்னால், வாசிக்க எனக்கு வயிறு எரிந்தது. நான் இங்கே அட்டைக்கடியோடு சேற்றில் நிற்கிறேன். அங்கே ஸ்டேசனடியில் நாலு அறையைக் கட்டிப்போட்டுவிட்டு, கதிரையில் இருந்தபடி மாதம் பிறந்தால் காசு. புருசன் செத்ததுக்குக் கிடைத்த காசில் கட்டினது என்று தெரிந்தும் எரிந்தது.

ஓடு மாற்றுகிற செலவு, வெள்ளையடிப்பு, ஆள் இல்லாமல் அறை பூட்டிக் கிடக்கும் மாதம் எதையும் நீங்கள் கழிக்கவில்லை. அதை விடுங்கள். "நாலு அறை, நாலிலும் ஆள், அறைக்கு இருபத்தைந்து ரூபா, மாதம் எழுபத்தைந்து" என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு இருபத்தைந்து நூறு என்பது எனக்கே தெரியும். கைப்பிழை என்று முதலில் சிரித்தேன். பிறகு பார்த்தால், பன்னிரண்டால் பெருக்கி வருசத்துக்குத் தொள்ளாயிரம் என்று சரியாகவே போட்டிருக்கிறது. கந்தோரில் ஒரு சதம் பிசகாத கிளாக்கருக்கு வீட்டுக்கு எழுதும்போது மட்டும் பிசகுமா?

மூன்று அறைக்காரர் வாடகை கட்டுகிறார்கள். நாலாவது அறையில் இருப்பவர் கட்டுவதில்லை. நாலாவது அறையில் இருப்பவர் நீங்கள். வாடகை இருபத்தைந்து போக மிச்சம் என்றுதானே மாதாமாதம் எனக்கு மணியோடர் வருகிறது?

உங்கள் பழைய கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். சித்திரையில் 'வீட்டுக்காரி'. ஆடியில் 'சிவனேஸ்வரி அக்கா'. இந்தக் கடிதத்தில் வெறும் 'அவா'. அவா சொன்னா, அவாவுக்குச் சம்மதம், அவாவின்ரை குசினிப் பக்கம். பெயர் சொல்லாமல் ஒரு ஆம்பிளை 'அவா' என்றால் இந்தப் பக்கத்தில் அது பெண்சாதியைத்தான். பத்து வருசம் என்னைத்தான் நீங்கள் ஊராரிடம் அப்படிச் சொன்னீர்கள். வயலை விற்க என் கையெழுத்து வேண்டும் என்கிறீர்கள். அந்தச் சொல்லைக் கொடுக்க மட்டும் என்னைக் கேட்கவில்லை.

நான் வயலுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன். தையில் அரிவு வெட்டு முடிய, பிள்ளைகளோடு பரந்தனில் ரயிலேறி வருவேன். நாலாவது அறையில் எங்களுக்கும் இடம் ஒதுக்கி வையுங்கள். அதற்கு இருபத்தைந்து ரூபா நெல் விற்ற காசில் நானே அந்த மனுசியின் கையில் கொடுப்பேன்.

எனக்குக் கணக்கு வராது என்று நீங்கள் சொல்வது வழக்கம். இந்த முறையும் அப்படியே சொல்லுங்கள். வாடகை கட்டின ரசீதுத் துண்டு ஒன்று, பழையதென்றாலும் பரவாயில்லை, அனுப்பி என் கணக்கைப் பிழையாக்குங்கள். உங்களுக்குப் புண்ணியமாய்ப் போகும். தபால்காரரைப் பார்த்தபடி இருப்பேன்.

இப்படிக்கு,
அவா
(இராசேஸ்வரி)