அப்பாவுக்குப் பிள்ளை இல்லையாம்

ஹோர்சன்ஸ், டென்மார்க்
ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்

அன்பு மகள் ஹிருத்துக்கு,

அந்தப் பனிக்குள்ளையும் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, சளி காய்ச்சல் அண்டாமல் இருக்கவேணும் எண்டு விளக்கு வைக்கேக்கை எல்லாம் கும்பிடுறன். எனக்கு உடம்புக்கு ஒண்டும் இல்லை. மனசுதான் சரியில்லை, அதைச் சொல்லத்தான் இருந்து எழுதுறன். போன் அடிச்சால் நீ எடுக்கிறாயில்லை, எடுத்தாலும் ஆசுப்பத்திரி வோர்ட்டுக்குப் போறன் அம்மா எண்டு வச்சிடுறாய், மெசேச் போட்டால் ஒரு இதயத்தைத் திருப்பி அனுப்பிப்போட்டு விட்டிடுறாய். அதாலைதான் கடிதம். இப்ப இங்கை தெருவிலை சிவப்புத் தபால்பெட்டியும் இல்லை, எல்லாத்தையும் கழட்டிக்கொண்டு போட்டாங்கள், கடையிலை கொண்டுபோய்க் குடுத்துத்தான் அனுப்பவேணும். எப்ப கிரீன்லாந்துக்கு, உன்ரை நூக்குக்கு வந்து சேருமோ தெரியாது. வந்தால் முழுக்க வாசி பிள்ளை, பாதியிலை மடிச்சு வைக்காதை.

அப்பாவின்ரை முப்பத்தோராம் நாள் சடங்குக்கு, அந்தியேட்டிக்கு வருவியோ எண்டு நான் கடைசியாக் கேட்டதுக்கு நீ என்ன சொன்னாய் எண்டு ஞாபகம் இருக்கோ? சித்தப்பாவின்ரை ஜதுர்சனை வச்சே செய்யுங்கோ அம்மா, செத்தவீட்டிலையும் நீங்கள்தானே அவனைச் செய்யச் சொன்னீங்கள் எண்டு சொன்னாய். நான் எப்ப சொன்னனான் எண்டு கேட்டன். பிறகுதான் சொன்னாய், சித்தப்பா உன்னை உடுப்புக் கொழுவுற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், அம்மா ஜதுர்சன்தான் கொள்ளி வைக்கவேணும் எண்டு நிக்கிறா, உன்னட்டைச் சொல்ல அவவுக்கு வெக்கமா இருக்கு, நீ கேட்டு அவவை இன்னும் நோகப்பண்ணாதை எண்டு சொன்னவர் எண்டு. சொல்லிப்போட்டு, சரி விடுங்கோ அம்மா, பரவாயில்லை எண்டாய். என்னாலை அதை விடேலாது. ஏனெண்டால் அதே காலமை, அதே வாயாலை, அதே மனிசன் என்னட்டை வந்து இருந்து என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, அண்ணி, பிள்ளைக்கு உந்தச் சடங்கெல்லாம் அருவருப்பா இருக்காம், தான் செய்யமாட்டன் எண்டு சொல்லிப்போட்டாள், டேனிஷ் பிள்ளையள் மாதிரித்தானே, வற்புறுத்தாதேங்கோ எண்டு சொன்னவர். நான் அதை நம்பினன். அப்பாவின்ரை பெட்டிக்குப் பக்கத்திலை இருந்துகொண்டு திரும்பிப் பாக்கேக்கை நீ கதவடியிலை, ஆக்களின்ரை கோட்டுகளுக்குப் பக்கத்திலை நிண்டாய். என்ரை பிள்ளை கடைசி நேரத்திலை அப்பாவை விட்டு விலத்தி நிக்கிறாளே எண்டு என்ரை வயிறு எரிஞ்சது. உனக்கு எப்பிடி எரிஞ்சிருக்கும் எண்டு இப்பதான் விளங்குது. ரெண்டு பேரும் ஒரே மண்டபத்துக்குள்ளை நிண்டு, ஆளை ஆள் நினைச்சு அழுதிருக்கிறம்.

அப்பா ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கை அந்தத் தம்பிக்கு, உன்ரை சித்தப்பாவுக்கு முன்னாலைதான் என்னட்டைச் சொன்னவர், நீ ஒண்டுக்கும் யோசியாதை சரோ, குஞ்சு வந்து எல்லாம் செய்வாள் எண்டு. தம்பியும் ஓம் அண்ணை ஓம் அண்ணை எண்டு தலையாட்டினவர். 

நீ இருபது வருசத்துக்கு மேலை எங்கடை பிள்ளை. உன்னை எடுக்கிறதுக்கு நாங்கள் பட்ட பாட்டை நீ முழுக்க அறியமாட்டாய். நகரசபைக் கொம்யூனிலை இருந்து ஒரு பொம்பிளை வந்து அலுமாரியைத் திறந்து பாத்து, நாங்கள் சண்டை பிடிக்கிறனாங்களோ எண்டு கேட்டு, எங்களை ஒரு கோர்சுக்கும் அனுப்பினவை. அங்கை நாங்கள் மட்டும்தான் கறுத்த ஆக்கள். பிள்ளைக்கு அது தத்தெடுத்த பிள்ளை எண்டதை எப்ப சொல்லுவீங்கள் எண்டு அப்பாவைக் கேக்க, அவர் தன்ரை உடைஞ்ச டேனிஷிலை, கண்ணாடி ஒண்டு வாங்கினால் காணும், அவளே பாத்துச் சொல்லுவாள் எண்டார். எல்லாரும் சிரிச்சவை. பிறகு நீ பாலர் பாடசாலைக்குப் போகேக்கை ஒருத்தி, நல்ல வெள்ளைக்காரி, சிரிச்சுக்கொண்டே என்னைக் கேட்டவள், நீங்களே அகதியா வந்தனீங்கள், பிறகு ஏன் இன்னொரு பிள்ளையையும் இந்த நாட்டுக்குக் கொண்டந்தனீங்கள் எண்டு. அவளின்ரை சிரிப்பும் அவளும். எங்கடை சனம் மட்டும் திறமோ? அந்தப் பிள்ளையின்ரை தாய் என்ன சாதி எண்டு என்னைக் கேட்ட மனிசரும் இருக்கினம். எதியோப்பியாவிலை என்ன சாதி எண்டு நான் கண்டனோ! உன்ரை பேரைக் கூட ஒழுங்காச் சொல்லமாட்டினம், கிருதா எண்டும் இருது எண்டும் தங்கடை வாய்க்கு வந்தபடி. நல்ல தமிழ்ப் பேர் ஒண்டை வையுங்கோவன் எண்டதுக்கு அப்பா, அது பெத்தவள் வச்ச பேர், அவளிட்டை இருந்து பிள்ளையை வாங்கினது காணாதோ, பேரையும் பிடுங்கவோ எண்டு கேட்டவர்.

அடிஸ் அபாபாவிலை இருந்து வரேக்கை நீ பிளேனிலை சத்தி எடுத்துக்கொண்டே வந்தனி. அப்பாவின்ரை சேட்டு, மடி, சப்பாத்து எல்லாம். நான் உன்னை வாங்கப் போக, நீ அவரை விடமாட்டன் எண்டு சேட்டுப் பொத்தானைப் பிடிச்சுக்கொண்டு கத்தினாய். அவர் அந்த நாத்தத்தோடையே ஆடாமல் அசையாமல் இருந்தவர், முகத்தைக்கூடச் சுழிக்கேல்லை. அதே பிள்ளையின்ரை தலைமயிரைத் தடவிப்போட்டு உன்ரை சித்தி குசினிக்குள்ளை போய் சவுக்காரம் போட்டுக் கை கழுவினவ. அப்பா அதைக் கண்டவர். அதுக்குப் பிறகு கனகாலம் அவை இருக்கிற பிராண்டேப் பக்கம் அவர் போகேல்லை. பிறகு தம்பி அழுதுகொண்டு வந்து நிக்க, கூடப்பிறந்தது எண்டு மனம் இளகிப்போட்டார்.

இனி அந்தியேட்டிக் கதையைச் சொல்லுறன். நீ போனிலை சொன்னதை நான் ஒருதருக்கும் மூச்சு விடேல்லை. மண்டபம் எடுத்தது, சாப்பாட்டுக்குச் சொன்னது எல்லாம் சித்தப்பாதான். நான் போனன். ஜதுர்சன் வேட்டி கட்டி, உடம்பெல்லாம் விறைச்சுப்போய் ஐயருக்கு முன்னாலை இருக்கிறான். நான் நேரை போய் ஐயரைக் கேட்டன், ஐயா, ஒருதருக்கு மகள் இருக்கேக்கை தம்பியின்ரை மகன்தான் செய்யவேணும் எண்டு சட்டம் ஏதும் இருக்கோ எண்டு. ஐயர் திகைச்சுப்போய் என்னைப் பாத்தார். அம்மா, அவருக்குப் பிள்ளை இல்லை எண்டுதானே எனக்குச் சொன்னவை, செத்தவீட்டிலையும் அப்பிடித்தானே சொல்லிச் செய்தனான் எண்டார். அப்ப பின்னாலை நிண்ட பிள்ளை ஆர் எண்டு நினைச்சனீங்கள் எண்டு கேட்டன். அவர் குரல் இறங்கிப்போய், ஆசுப்பத்திரியிலை இருந்து வந்த ஆள் எண்டு நினைச்சன் அம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டார்.

பிள்ளை இல்லாத ஆள் எண்டு சொல்லி என்ரை மனிசனை அனுப்பியிருக்கினம் ஹிருத். நான் வயோதிபர் இல்லத்திலை எத்தினை வருசமா மற்றவையின்ரை மலம் சலம் அள்ளுறன். புண் கழுவியிருக்கிறன், புழுத்ததையும் கண்டிருக்கிறன். ஒரு நாளும் எனக்கு அருக்குளிச்சதில்லை, கையைக் கழுவிப்போட்டுச் சோறு தின்னுவன். அண்டைக்கு அந்த மண்டபத்திலை, சாம்பிராணி வாசத்துக்கு நடுவிலை, எனக்கு அருக்குளிச்சது.

சித்தப்பாவைப் பாத்துக் கேட்டன், தம்பி, ஆர் ஐயருக்கு அப்பிடிச் சொன்னது எண்டு. அவர் சிரிக்கிற மாதிரி முகத்தை வச்சுக்கொண்டு, ஐயருக்கு விளங்காமல் போயிருக்கும், நீங்கள் இருங்கோ அண்ணி, சனம் பாக்குது எண்டார். அப்ப எனக்கும் என்ரை பிள்ளைக்கும் ரெண்டு கதை சொன்னது ஆர் எண்டு கேட்டன். தான் ஒருதருக்கும் ஒண்டும் சொல்லேல்லை எண்டு நல்லூரான் மேலை சத்தியம் பண்ணினார். அப்பதான் ஜதுர்சன் இருந்த இடத்தை விட்டு எழும்பினான். தகப்பனை நிமிந்து பாத்து டேனிஷிலை, இல்லை அப்பா, நீங்கள் சொன்னனீங்கள், என்னட்டையும் ஹிருத் அக்காவுக்கு விருப்பமில்லை எண்டுதான் சொன்னனீங்கள் எண்டான்.  இனி மறைக்க ஒண்டும் இல்லை எண்டு கண்டவுடனை சித்தி வாயைத் திறந்தா. இப்ப என்ன அக்கா குடி முழுகிப்போச்சு, அத்தானுக்கு எங்கடை ரத்தம் செய்தால்தானே போய்ச் சேரும், எங்கையோ தெருவிலை கிடந்ததைத் தூக்கி வளத்தனீங்கள், அது உங்கடை புண்ணியம், அதுக்காண்டி வீடியோவிலை ஊர்ச்சனம் எல்லாம் பாக்க அதைக் கொண்டுவந்து கொள்ளி வைக்க விடேலுமோ எண்டா. அது எண்டு சொன்னவ. அவள் எண்டு கூட இல்லை. நான் கத்தேல்லை, அழவும் இல்லை. ஐயா, இண்டைக்கு இங்கை ஒண்டும் நடக்காது, உங்கடை சாமானை எடுத்து வையுங்கோ எண்டு மட்டும் சொன்னன். ஐயர் சாமானை எல்லாம் எடுத்து வச்சார். போகேக்கை, மகள் எங்கை இருக்கிறாவோ அங்கையே தண்ணிக் கரையிலை நிண்டு எள்ளும் தண்ணியும் இறைக்கட்டும், அவவின்ரை கையாலை எண்டால் அது போய்ச் சேரும் எண்டு சொல்லிப்போட்டுப் போனார்.

இனிக் கேள் சனத்தின்ரை கூத்தை. இவ்வளவும் நடந்து முடிஞ்சு நான் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட, பின்னாலை தட்டுப்போடுற சத்தம் கேக்குது. சமைச்சது பழுதாப்போகுமாம். ரெண்டு பேர் வடையைப் பெட்டியிலை அடைஞ்சுகொண்டு நிண்டவை. என்னைக் கட்டிப்பிடிச்சு, நீங்கள் கேட்டது நியாயம்தான், ஆனால் இடம் பொருள் பாத்துக் கேட்டிருக்கலாம் எண்டு ஒருத்தி சொன்னவ, அவவின்ரை வாயிலை பாயாச வாசம். சீ! கார் நிப்பாட்டின இடத்திலை ஜதுர்சன் வேட்டியோடை குளிருக்குள்ளை ஓடிவந்தான். தான் அக்காவிட்டை ஒருக்கால் கேட்டிருக்கவேணும் எண்டு சொல்லி நிண்டு அழுதான். உனக்கு எழுதுவான் எண்டு நினைக்கிறன். அவனோடை கோவியாதை. அவன்ரை தாய் தகப்பனோடை நீ எப்பிடி எண்டாலும் இரு, நான் குறுக்கை நிக்கமாட்டன். என்ரை வாசலிலை இனி அவைக்கு இடம் இல்லை. சித்தப்பா பிறகு ரெண்டு தரம் வந்து மணி அடிச்சவர், நான் யன்னலாலை பாத்துப்போட்டுக் கதவு திறக்கேல்லை.

அப்பாவின்ரை சாம்பலைக் கோடைக்கு ஊருக்குக் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலிலை கரைக்கிறதெண்டு சித்தப்பா ஒழுங்கு செய்து வச்சிருந்தார், அதுவும் ஜதுர்சனை வச்சு. அடுத்த நாள் காலமையே நான் செத்தவீட்டு அலுவல் பாத்த அந்த அன்னா எண்ட பொம்பிளையிட்டைப் போனன். இது எனக்கும் மகளுக்கும் உரியது, வேறை ஒருதரிட்டையும் குடுக்கப்படாது எண்டன். அவள் ஒரு கேள்வியும் கேக்கேல்லை. கொண்டுபோறதுக்கு வேண்டிய அனுமதியைத் தானே எடுத்துத்தாறன் எண்டாள்.

நீ இனி டென்மார்க்குக்கு வாறது குறைவு எண்டு சொன்னதை நான் மறக்கேல்லை. வா எண்டு உன்னை நான் கேக்கவும் இல்லை. இந்தச் சனத்துக்கு நடுவிலை வந்து நில் எண்டு எந்த முகத்தோடை கேக்கிறது? நானே வாறன். லீவு கேட்டுப்போட்டன், கோப்பன்ஹேகனிலை இருந்து ரிக்கற்றும் எடுத்தாச்சு, பங்குனிக் கடைசியிலை. தனியப் பிளேன் ஏறினதில்லை எண்டு உனக்குத் தெரியும், பயம்தான், ஆனால் வாறன். அங்கத்தைக் கடலிலை கரைக்க விடுவாங்களோ எண்டு கேட்டு வை. விடமாட்டினம் எண்டால் ரெண்டு பேரும் யோசிப்பம், ஆனால் எது செய்தாலும் உன்ரை கையாலை. உன்ரை வேலைநாளைப் பாத்து ரெண்டு நாள் ஒதுக்கி வை. எள்ளு நான் கொண்டு வாறன்.

கம்பளிக் காலுறையைப் போடாமல் வெளியிலை திரியாதை, விற்றமினை மறக்காதை, இரவு வேலை முடிஞ்சு வெறும் வயித்தோடை படுக்காதை. போன் அடிச்சால் எடு. எல்லாம் வல்ல முருகன் என்ரை பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான், நீ நீண்ட ஆயுளோடை நல்லா இருக்கவேணும். நான் வாற அண்டைக்கு விமான நிலையத்துக்கு நேரத்தோடை வந்து நில் குஞ்சு. ஒரு கையிலை பெட்டியும் மற்றக் கையிலை அப்பாவுமா வருவன். ரெண்டையும் என்னாலை கனதூரம் தனியத் தூக்கேலாது.

உன்ரை அம்மா
சரோஜினிதேவி